ஐரோப்பாவின் ராகு காலம்

ஐரோப்பாவுக்கு ஒரு நாள் ரோசம் வந்துவிட்டது.

நியாயமான ரோசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. அவர்களுடைய ஆஸ்பத்திரிக் குறிப்பு, நகராட்சிக் கோப்பு, பிள்ளைகளின் மதிப்பெண், மந்திரிகளின் கடிதம் எல்லாம் பல வருஷமாக அமெரிக்கக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் குடியிருந்தன. வாடகை வீடு வசதியாக இருக்கும்வரை யாருக்குச் சொந்த வீட்டு நினைப்பு வருகிறது? அமெரிக்காக்காரன் ஒரு நாள் முகத்தைச் சுளித்தான். அவன் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டால் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய் என்பதே தங்களுக்குத் தெரியாமல் போகும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதைதான். உடனே மாநாடு கூட்டினார்கள். இனி எங்கள் சரக்கு எங்கள் மண்ணில், எங்கள் கம்ப்யூட்டரில், எங்கள் கைபட்டு மட்டுமே இருக்கும் என்று மேடை போட்டு மார்தட்டினார்கள்.

மார்தட்டிய கை யாருடையது என்று பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனத்துக்கு வர வேண்டும். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடை. அதன் மாடியில் 'ஸ்ரீலட்சுமி மகளிர் தையல் பயிற்சி மையம்' என்று ஒரு போர்டு. படியேறிப் போனால் வாசலோரம் இரண்டு தையல் மிஷின்கள், நூல் கோக்காமல், தூசி படிந்து நிற்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால் ஏசி ஹாலில் பதினான்கு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐரோப்பாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இவர்கள் கைக்கு அந்த வேலை வந்து சேர்ந்த வழியும் ஒரு கதை. சொந்த மண், சொந்தக் கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஐரோப்பியக் கம்பெனி, வேலையைப் பக்கத்து நாட்டுக் கம்பெனி ஒன்றிடம் தள்ளியது. அது பெங்களூருக்குத் தள்ளியது. பெங்களூர் சென்னைக்குத் தள்ளியது. சென்னையிலிருந்து இந்த மையத்தை நடத்தும் திண்டிவனம் வேங்கடேசனிடம் வந்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. அந்த முதல் கம்பெனியின் பெயர் திண்டிவனத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் அதை 'மேலிடம்' என்றார்கள். க்ளவுடு என்ற சொல்லும் முதல் மாதத்தோடு போயிற்று. அவர்களுக்கு அது பரண். அமெரிக்கன் பரணில் கிடக்கும் கோப்புகளை மூட்டை மூட்டையாக இறக்கி, ஐரோப்பாப் பரணில் ஏற்றி, ஒன்றும் உடையவில்லை என்று தட்டிப் பார்த்து எழுதிவைப்பதுதான் வேலை. ஐரோப்பா தூங்கும் நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே ஹால் நிறைந்துவிடும்.

வேங்கடேசன் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் ஆள் எடுத்தார். வேலைப் பதிவிலும் கடிதத்திலும் பெயரைப் பார்த்து ஐரோப்பாவில் யாரும் சந்தேகப்படக் கூடாதல்லவா? ஜெசிந்தாவுக்குச் சிரமமே இல்லை, ஞானஸ்நானப் பெயர் அப்படியே செல்லுபடியானது. மாசிலாமணி மாக்ஸ் ஆனான். கிளியனூரிலிருந்து தினமும் பாண்டிச்சேரி ரோட்டு பஸ்ஸில் வரும் இருதயசெல்வி சில்வியா ஆனாள்.

இருதயசெல்விக்கு இருபத்தொன்பது வயது. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். அப்பா பெரியநாயகம் ஊரான் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியே மகளைப் படிக்கவைத்தார். ஹாலில் அவளை மிஞ்சிய வேலைக்காரி கிடையாது. மூட்டை ஏற்றுவதோடு அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேலிடத்தின் விலாசத்துக்கு யார் எழுதினாலும், புகாரோ, சந்தேகமோ, வாழ்த்தோ, அது நாலு கை மாறி அவள் மேஜையில்தான் வந்து விழும். அவள் இங்கிலீஷில் பதில் எழுதி, 'அன்புடன், சில்வியா' என்று முடிப்பாள். அதை ஐந்து வருஷமாகச் செய்துவந்தாள்.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், ராகு காலம். ஆரம்பித்த புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஏற்றிய மூட்டை பாதியில் அறுந்துபோய், எங்கோ ஒரு ஊர் நூலகத்தின் கணக்கு இரண்டு நாள் காணாமல் போயிற்று. கரண்ட் போனபோது யூபிஎஸ் பேட்டரி கைவிட்டதுதான் காரணம். வேங்கடேசன் புதுப் பேட்டரி வாங்கியிருக்க வேண்டும். அவர் புதுக் காலண்டர் வாங்கி மாட்டினார். அன்று முதல் ராகு காலத்தில் எவரும் மூட்டை ஏற்றக் கூடாது என்று சட்டம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பதினான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரர்கள். ராகு யார், கேது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ராகு விடவில்லை.

இப்படி இருக்கையில் வானூரில் புதிதாக எழுந்த கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் கம்பெனி. நேர்காணலை விழுப்புரத்தில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஹோட்டலில் வைத்திருந்தார்கள். இருதயசெல்வி ஒரு சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுப் போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கேள்வி கேட்டவர்களுக்குத் தெரியாததையும் இரண்டு இடத்தில் சொன்னாள். கடைசியில் ஆள் எடுக்கும் அதிகாரி கிருஷ்ணசாமி அவள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் காலியா இருக்கே, இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"வேலைதான் சார் பண்ணிக்கினு இருந்தேன். இப்பவும் பண்றேன்."

"அதுக்கு லெட்டர் எங்க? புதுசா சேர்றவங்கன்னா இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும், உனக்குத் தாண்டிடுச்சு. அனுபவம் உள்ளவங்கன்னா லெட்டர் இருக்கணும். அடுத்த சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்துடு. யாருக்கு எழுதிக் கேட்டு சரிபார்க்கிறதுன்னு ஒரு மெயில் ஐடியும் அதுல இருக்கணும். வந்துடுச்சுன்னா ஒரு டீமே உன் கையில குடுக்கிறேன்."

அவள் பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு காகிதம்தானே, ஐந்து வருஷ உழைப்புக்கு ஒரு காகிதம் தர மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ராகு காலத்தில் ஹால் சும்மா கிடந்தபோது வேங்கடேசன் அறைக்குப் போய்க் கேட்டாள். அவர் பல்குத்திக்கொண்டிருந்தார்.

"லெட்டரா? இன்னான்னும்மா எழுதறது? நீதான் இங்க வேலையே செய்யலயே."

"சார்?"

"உனக்குத் தெரியாததா? ஐரோப்பாக்காரன் கைதவிர வேற கை படலன்னு மேலிடம் அந்த ஊரு சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்குது. நான் உனக்கு லெட்டர் குடுத்தா அந்தக் கை உன் கைன்னு ஆயிடும். அப்புறம் உனக்கும் வேலை இல்ல, எனக்கும் தொழில் இல்ல."

"அஞ்சு வருஷம் சார்."

அவருக்கும் இரக்கம் வந்தது. அவருடைய இரக்கம் எப்படிப்பட்டது என்றால், "ஒண்ணு பண்ணலாம். தையல் டீச்சர்னு எழுதித் தர்றேன். ரெக்கார்டுல நீ அதானே? நல்ல நடத்தைன்னும் சேத்துப் போட்டுடறேன்" என்றார்.

"எனக்கு ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாது சார்."

"அங்க யாரு உன்னைத் தைச்சுக் காட்டச் சொல்லப் போறாங்க?"

அவள் வெளியே வந்தாள். வாசலில் இருந்த தையல் மிஷினை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. பதினோரு ஊர்களின் கோப்புகளை அவள் கையால் ஏற்றியிருக்கிறாள். எந்த ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்தக் கிழவர் கல்லறைக்கு முன்கூட்டியே இடம் பிடித்திருக்கிறார் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் அந்த ஊர்களில் எவருக்கும் தெரியாது. அது நாள் வரை அவளுக்கு அது பெரிதாகத் தோன்றியதில்லை. இப்போது அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து இடி விழுந்தது.

மேலிடத்துக்கு அந்த வாரம்தான் 'முழுக்கச் சொந்தம்' என்ற முத்திரைச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். அதற்குத் தணிக்கை செய்ய மார்கிட் என்று ஒரு அம்மாளை அந்த ஊர் சர்க்கார் நியமித்திருந்தது. வேலை தெரிந்த அம்மாள். ஒரு வருஷத்து வேலைப் பதிவுகளை எடுத்துப் படமாக வரைந்து பார்த்தவள் கண்ணில் ஒரு விநோதம் பட்டுவிட்டது. நாள்தோறும் சரியாகத் தொண்ணூறு நிமிஷம் எந்த மூட்டையும் ஏறவில்லை. அதுவும் திங்கட்கிழமை ஒரு நேரம், புதன்கிழமை ஒரு நேரம், வெள்ளிக்கிழமை வேறொரு நேரம். ஆனால் எல்லாத் திங்களும் ஒரே நேரம், எல்லா வெள்ளியும் ஒரே நேரம்.

அதையாவது ஏதோ பராமரிப்பு என்று மழுப்பலாம். இன்னொன்று இருந்தது. ஐரோப்பாவில் வருஷா வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஊரே சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். எங்கள் ராகுவுக்கு அந்தத் தகவல் போகவில்லை. அதனால் குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரப்படி திங்கட்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு வந்த இடைவெளி, மார்ச் கழிந்ததும் நாலு மணிக்கு நகர்ந்துவிட்டது. வேலை செய்கிறவர்கள் ஐரோப்பாவில் இருந்தால் அவர்களும்தானே கடிகாரத்தைத் திருப்பியிருப்பார்கள்? ஏன் நகர்ந்தது என்று மார்கிட் கேட்டிருந்தாள். வியாழக்கிழமை வீடியோவில் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

கேள்வி மேலிருந்து கீழே இறங்கி வந்தது. பக்கத்து நாட்டுக் கம்பெனி அதில் 'அவசரம்' என்று எழுதிச் சேர்த்தது, பெங்களூர் 'மிக அவசரம்' என்றது, சென்னை அத்தனையும் பெரிய எழுத்தில் போட்டு அனுப்பியது. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்த ஒரே இடம் திண்டிவனம் டயர் கடை மாடி. அங்கே வேங்கடேசன் நாற்காலியில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"செல்வி, நீதாம்மா பேசணும்" என்றார். "சில்வியா பேர்லதான் எல்லா லெட்டரும் போயிருக்குது. அந்தம்மா சில்வியாவத்தான் கேக்குது. வியாழக்கிழமை நம்ம டைம் ரெண்டு மணி. அதுவும் ராகு காலம்! நேரத்த மாத்தச் சொன்னேன், முடியாதுன்னுட்டாங்க. பேஜாரா பூடுச்சு."

இருதயசெல்வி அவசரப்படவில்லை. "லெட்டர் சார்" என்றாள்.

"தர்றேம்மா, தராம இன்னா?"

"தையல் லெட்டர் இல்ல. என் பேர் போட்டு, நான் செஞ்ச வேலையப் போட்டு, கம்ப்யூட்டர் வேலைன்னு. சரிபார்க்க ஒரு மெயில் ஐடியோட. பேசி முடிச்சதும் என் கைக்கு வரணும்."

"மாதா மேல சத்தியமா தர்றேன்" என்றார் வேங்கடேசன். மாதா அவருக்குச் சம்பந்தமில்லாதவள் என்பதால் சத்தியம் செய்வதில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மார்கிட் திரையில் வந்தாள். ஐம்பது வயது, வெட்டிய நரைமுடி, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்தாள். இந்தப் பக்கம் கேமரா ரிப்பேர் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. வேங்கடேசன் எதிரே நின்று, யார் பேரையோ முணுமுணுத்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். பேச்சு இங்கிலீஷில் நடந்தது.

மார்கிட் படத்தைக் காட்டி, இடைவெளியைக் காட்டி, விளக்கம் கேட்டாள்.

இருதயசெல்வி இரண்டு நாளாக யோசித்துவைத்திருந்தாள். "அது பாதுகாப்பு இடைவெளி" என்றாள். "தினமும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் திருட வருகிறவன் அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுவிடுவான். அதனால் கிழமைக்குக் கிழமை நேரம் மாறும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். தொடங்கியதை மட்டும் கண்காணிப்போம்."

மார்கிட்டின் புருவம் உயர்ந்தது. "அருமையான யோசனை. மற்ற கம்பெனிகள் எதுவும் இப்படிச் செய்வதில்லை. யார் வகுத்த முறை இது?"

"மிகப் பழைய முறை" என்றாள் இருதயசெல்வி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"மார்ச் மாதத்தில் ஏன் ஒரு மணி நேரம் நகர்ந்தது?"

"நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சூரியனைப் பார்த்து வைத்த கணக்கு."

கீழே ரோட்டில் பாண்டிச்சேரி பிரைவேட் பஸ் ஒன்று ஊரையே தூக்கும்படி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. மார்கிட் காதைத் தீட்டினாள். "அது என்ன சத்தம்? உங்கள் அலுவலகம் துறைமுகத்துக்கு அருகிலா?"

"ஆமாம், கப்பல்" என்றாள் இருதயசெல்வி. வேங்கடேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கிட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "சில்வியா, சூரியன் என்றீர்களே. எந்த ஊர்ச் சூரியன்?"

இருதயசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இப்படி ஒரு கேள்வி வராது. அந்தக் கணத்தில் இருதயசெல்விக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. சொல்லிவிடலாம், திண்டிவனத்துச் சூரியன், கிளியனூர்ச் சூரியன், நான் இருதயசெல்வி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கிற அதிகாரம் உள்ள ஒருத்தி கேட்கிறாள், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக.

"மேடம், நான் இருக்கிற ஊர்..." என்று தொடங்கினாள்.

மார்கிட் சட்டென்று கையைத் தூக்கினாள். "பொறுங்கள். சத்தம் சரியாகக் கேட்கவில்லை. கப்பல் போலிருக்கிறது." பிறகு பேனாவை எடுத்தாள். "நாளை உங்கள் புதிய கம்ப்யூட்டர் கூடத்தின் திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார். இன்று மாலைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஐரோப்பியச் சூரியன் என்று எழுதிக்கொள்கிறேன். சரிதானே, சில்வியா?"

கப்பல் எப்போதோ போய்விட்டிருந்தது. ஹாலில் ஏசி சத்தம்தான் கேட்டது.

"சரி" என்றாள் இருதயசெல்வி.

திரை அணைந்ததும் வேங்கடேசன் குதிக்காத குறை. இருதயசெல்விக்கு எரிச்சல் தலைக்கேறியது. கண்டுபிடிக்கிற அளவுக்குப் புத்தி இருந்தது அந்த அம்மாளுக்கு, கண்டதைச் சொல்கிற அளவுக்கு முதுகெலும்பு இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் திண்டிவனமே இல்லாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவை ஹாலில் எல்லோரும் பார்த்தார்கள். மந்திரி ரிப்பன் வெட்டினார். முழுக்க முழுக்க ஐரோப்பியக் கைகளால் ஆனது என்றார். சூரியனைப் பின்பற்றி இயங்கும் பாதுகாப்பு இடைவெளி ஐரோப்பிய அறிவியலின் சாதனை என்றார். மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "ராகு பகவானுக்கு அந்த ஊர்ல குடியுரிமை குடுத்துட்டாங்க" என்றான். விழா நடந்துகொண்டிருந்தபோதே வேங்கடேசன் லெட்டரைக் கொடுத்தார். பெயர் சரியாக இருந்தது, வேலை சரியாக இருந்தது, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அவள் அதைப் படம் பிடித்து அங்கேயே கிருஷ்ணசாமிக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கடைசி வரியைப் படித்தாள். சரிபார்க்க விரும்புவோர் எழுத வேண்டிய விலாசம் என்று போட்டு, அதற்கு நேரே மேலிடத்தின் மெயில் ஐடி இருந்தது.

"சார், இது மேலிடத்தோடதாச்சே. அவங்ககிட்ட கேட்டா அப்படி யாருமே இல்லன்னுதானே சொல்வாங்க?"

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?" வேங்கடேசன் அகலமாகச் சிரித்தார். "லெட்டர் கேட்ட, குடுத்தேன். மெயில் ஐடி கேட்ட, போட்டேன். சத்தியத்த மீறல பாரு. மேலிடம் இல்லன்னு சொன்னா அது மேலிடத்துப் பேச்சு. என் தலை உருளாது."

அவளுக்கு அழுகை வந்தது. அந்த ஆளின் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவனெல்லாம் உருப்படுவானாக்கா?" என்றாள். அன்று இரவு கிளியனூரில், லெட்டர் வந்துவிட்டதா என்று அப்பா கேட்டதற்கு வந்துவிட்டது என்றாள். அது உண்மைதான் என்பதே அவளுக்கு வலித்தது.

சனிக்கிழமை காலை வழக்கம்போல ஏழு மணிக்கு மெயில்களைத் திறந்தாள். ஒரு ஊரில் கடவுச்சொல் மறந்துபோனவர். ஒரு ஊரில் கோப்பு திறக்கவில்லை. மூன்றாவது மெயில் நாலு கை மாறி வந்திருந்தது. வழியில் யாரும் படித்த அடையாளமே இல்லை. நாலு பேரும் 'ஆவன செய்யவும்' என்று மட்டும் எழுதிக் கீழே தள்ளியிருந்தார்கள். அனுப்பியவர் வானூர் கிருஷ்ணசாமி. 'பெ. இருதயசெல்வி என்பவர் தங்களிடம் ஐந்து வருடம் பணிபுரிந்ததாகக் கடிதம் கொடுத்துள்ளார். உண்மையா என்று தெரிவிக்கவும்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மேலிடத்துக்கு எழுதினால் எங்கே வந்து விழும் என்பதை வேங்கடேசன் அடியோடு மறந்திருந்தார். தன் ஹாலில், மூன்றாவது மேஜையில் விழும் என்பதை, ஐந்து வருஷம் அதில் பிழைத்த மனுஷன் மறந்திருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஜெசி, இங்க வா" என்றாள். ஜெசிந்தா வந்து திரையைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இருதயசெல்வி தட்டினாள். 'ஆம், உண்மை. பெ. இருதயசெல்வி எங்கள் பணியில் ஐந்து வருடம் இருந்தார். பதினோரு நகராட்சிகளின் கோப்புகளைப் பழுதின்றி மாற்றியவர் அவரே. எங்களுக்கு வரும் கடிதங்கள் அனைத்துக்கும் பதில் எழுதுபவரும் அவரே. அண்மையில் நடந்த அரசுத் தணிக்கையில் எங்கள் நிறுவனத்தில் வேறு எவராலும் பதில் சொல்ல முடியாத கேள்விக்குப் பதில் சொன்னவரும் அவரே. அவரை இழப்பது எங்களுக்குப் பேரிழப்பு. அன்புடன், சில்வியா.'

"கொஞ்சம் ஓவரா இல்லக்கா?"

"எது பொய்யின்னு சொல்லு, அழிச்சுடறேன்."

ஜெசிந்தா முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் படித்தாள். கடைசிப் பெயரில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு, "அனுப்புக்கா, ஜல்தி" என்றாள்.

பதினோரு மணிக்குக் கிருஷ்ணசாமி போன் செய்தார். குரலில் மரியாதை ஏறியிருந்தது. "இன்னா மேடம், ஐரோப்பாவுலேந்தே உங்களப் பத்தி இப்படி எழுதியிருக்காங்க! நீங்க சொல்லவே இல்லயே. திங்கட்கிழமை வந்து சேந்துடுங்க." கிளியனூர்க்காரி சொன்னபோது காலியாக இருந்த ஐந்து வருஷம், சில்வியா சொன்னதும் நிறைந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் கசப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "வர்றேன் சார்" என்றாள்.

வேங்கடேசன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "மேலிடம் எப்படிம்மா ஆமான்னு சொல்லும்?"

"மேலிடத்துக்கு எழுதினா எங்க சார் வரும்?"

அவர் ஹாலை எட்டிப் பார்த்தார், மூன்றாவது மேஜையைப் பார்த்தார். முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. கோபப்படத்தான் முதலில் பார்த்தார். ஆனால் கோபத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது.

"செல்வி, நீ பூட்டா இங்க யாருக்கும்மா உன்ன மாதிரி இங்கிலீஷ்ல எழுதத் தெரியும்? அந்த மார்கிட் அம்மா மறுபடி கூப்புட்டா யாரு பேசறது? பதினோரு ஊரும் நின்னுபூடும்மா. ஐரோப்பாவே நின்னுபூடும்!"

"ஏன் சார் நிக்குது?" என்றாள் இருதயசெல்வி. "எல்லாம் அவங்க சொந்தக் கையாலதானே நடக்குதுன்னு நேத்து மந்திரியே ரிப்பன் வெட்டிச் சொன்னாரு. அந்தக் கையக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்க."